கடைசியாக இயக்கியவர் கையொப்பம்

ஜூன் 6, வியாழன்

இந்த டைரி ஐந்து மாதமாகப் பீரோ மேல் கிடந்தது. எங்கள் அச்சகத்தில் கழித்துப்போட்ட சரக்கு. ஜூன் மாதத்துக்கு முப்பத்தொரு நாள் போட்டு அடித்துவிட்டார்கள். அறுநூறு பிரதி ஓடிய பிறகுதான் என் கண்ணில் பட்டது. மெய்ப்புத் திருத்த ஒருத்தியைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டு, அவளிடம் காட்டாமல் நேரே மிஷினில் ஏற்றினால் வேறென்ன ஆகும்? ஆளுக்கு இரண்டு அள்ளிக்கொண்டு போங்கள் என்றார் முதலாளி. சிவகாசியில் டைரிக்கா பஞ்சம், எழுதத்தான் எனக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தது.

இன்று இருக்கிறது. மதியம் சாப்பிடும்போது பேப்பரில் ஒரு பொது அறிவிப்பு பார்த்தேன். பொடி எழுத்து, யாரும் படிக்க மாட்டார்கள். நான் ஊறுகாய் பாட்டில் லேபிள்கூடப் படிக்கிறவள். "டொரேகா நிறுவனத்தின் டி.ஆர். 20 வகை இண்டக்‌ஷன் அடுப்புகள், அணைத்த பின்னரும் தானாக இயங்கத் தொடங்குவதாக, வாங்கிய அனைவர் சார்பிலும் நுகர்வோர் சங்கம் தொடுத்த வழக்கில் சமரசம் ஏற்பட்டுள்ளபடியால், உரியவர்கள் ஜூலை 10க்குள் விண்ணப்பித்து விலையைத் திரும்பப் பெறலாம்."

"தானாக" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். சோறு காய்ந்த பிறகுதான் கை கழுவினேன்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "எம்புட்டு தருவானாம்?" என்றார்.

"மூவாயிரத்து முந்நூறு."

"ஜெராக்ஸுக்கும் தபாலுக்கும் சரியாப் போயிரும், கனி. விடு."

விடுகிறதாவது! பணம் பணம்தானே. அதற்காகத்தான் போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

பரணிலிருந்து சாக்கோடு அடுப்பை இறக்கினேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறேன். கண்ணாடியில் எண்ணெய் கருகிய தடம் அப்படியே இருக்கிறது.

பிறகு ஒருநாள் எனக்கே மறந்துபோகலாம், அதனால் எழுதி வைக்கிறேன். அன்றைக்கும் ஞாயிறு. எங்கள் மகள் மது நிஷா ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரித்தாள். எண்ணெய்ச் சட்டியை அடுப்பு மேலேயே வைத்துவிட்டு வந்து சாப்பிட்டாள். நான் பக்கத்து வீட்டில் துணி தைக்கக் கொடுக்கப் போனேன். அவர் படுத்திருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து எண்ணெய் தீப்பிடித்துக்கொண்டது. புகையில் எழுந்து ஓடிவந்தவர், பிள்ளை பக்கத்தில் நிற்கிறாளே என்று சட்டியை வெறுங்கையால் தூக்கி முற்றத்தில் வீசினார். வலது கை முழுக்க எண்ணெய். இன்றைக்கும் மூன்று விரல் மடங்காது. எங்கள் அச்சகத்தில் பேப்பர் கட்டிங் மிஷின் ஓட்டிய மனுஷன், இப்போது அதே அச்சகத்து வாசலில் உட்கார்ந்து பார்சல் எண்ணுகிறார்.

நிஷா அடுப்பை அணைக்க மறந்துவிட்டாள் என்று எல்லாரும் சொன்னார்கள்.

அடுப்பின் வரிசை எண் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்குமாம். திருப்பினேன். எண் இருக்க வேண்டிய இடத்தில் சந்தனமும் குங்குமமும் அப்பிப் பாறையாகக் கிடந்தது. என் வேலைதான், யாரைச் சொல்ல? ஆயுத பூஜைக்குக் கிரைண்டர், மிக்சி, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பேன். அடுப்புக்குக் கண்ணாடி மேல் வைத்தால் சூட்டில் கருகும், பக்கத்தில் வைத்தால் கை பட்டு அழியும் என்று, அழியாத இடமாகப் பார்த்துப் பின்னால் வெள்ளையாக ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் வைத்தேன். மூன்று பூஜை. எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து ஊறிவிட்டது. ஈரத்துணியால் துடைத்தேன். ஸ்டிக்கர் ஓரம் பிய்ந்து வந்தது.

"அடியேய், நிறுத்து! இருக்கறதும் போயிரும்!" என்று கத்தினார் அவர். அவர் கத்தி நான் கேட்டு எத்தனையோ நாள் ஆகிறது.

ஜூன் 10, திங்கள்

காலையில் நிஷா அடுக்களைப் பக்கம் வந்தாள், தரையில் கிடந்த அடுப்பைப் பார்த்தாள், சாப்பிடாமலேயே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு அவள் அடுக்களைக்குள் வருவதில்லை. பாலைக்கூட ஆறவைத்து வெளியே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பள்ளிக்குக் கிளம்பும்போது வீட்டிலுள்ள சுவிட்ச் அத்தனையையும் தொட்டுப் பார்ப்பாள். ஃபேன், லைட், டிவி, கேஸ் வால்வு. ஒரு சுற்று முடித்துச் செருப்பு மாட்டிவிட்டு, திரும்பவும் கழற்றி உள்ளே வருவாள். வாரத்தில் இரண்டு நாள் பஸ் போய்விடும். "ஏட்டி, நான் பாத்துக்கிருதேன், போ" என்றால் என்னைப் பார்க்கவே மாட்டாள். இந்த வருஷம் பிளஸ் ஒன். ஹாஸ்டலுக்குப் போகிறேன் என்று பள்ளியில் பெயர் கொடுத்திருக்கிறாள்.

அறிவிப்பைக் கத்தரித்து அவள் மேஜை மேல் வைத்தேன். மாலையில் பார்த்தால் குப்பையிலும் இல்லை, மேஜையிலும் இல்லை.

ஜூன் 12, புதன்

உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். இருபது நிமிஷம் பாட்டு. பிறகு ஒரு பையன், "வரிசை எண் தெளிவா தெரியற மாதிரி போட்டோ வேணும் மேடம். இல்லேன்னா விண்ணப்பம் ஏத்துக்க மாட்டாங்க" என்றான்.

"பொட்டு வச்சிட்டேன் தம்பி."

"என்ன மேடம்?"

"ஆயுத பூஜைக்கு. சந்தனப் பொட்டு. நம்பர் மேல."

"எங்க வீட்லயும் வைப்பாங்க மேடம். ஆனா நம்பர் வேணும்" என்றான்.

போனை வைத்துவிட்டு அந்த அடுப்பை ஒரு திட்டு திட்டினேன். பொட்டு வைத்ததற்கு இதுதானா மரியாதை?

ஜூன் 14, வெள்ளி

செல்வின் அண்ணனிடம் போனேன். எங்கள் அச்சகத்தில் படங்களை நான்கு வண்ணமாகப் பிரித்துத் தகடு போடுகிறவர். இருபது வருஷப் பழக்கம். அடுப்பைச் சாக்கோடு சைக்கிளில் கட்டிக்கொண்டு போனதைப் பார்த்து, "என்னத்தா, ஆபீஸ்ல குடித்தனம் வைக்கப் போறியா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். நிஷாவைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரியாததா? அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்தானே. ஸ்டிக்கரைக் கையால் தொடாமல் உற்றுப் பார்த்தார். புடவைக் கடைக் காலண்டருக்குப் படம் எடுக்கிற பெரிய கேமராவை எடுத்துவந்து பத்துப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்.

"சந்தனம் மஞ்சள். குங்குமம் மெஜந்தா. நம்பர் கறுப்பு. நாம தெனம் செய்ற வேலைதான இது? அவனவன் கலரச் சேத்துச் சேத்து ஓட்டுறான், நாம எடுப்போம்."

மஞ்சளை எடுத்தார். திரையில் சந்தனம் போனது. மெஜந்தாவை எடுத்தார். குங்குமம் கரைந்தது. கறுப்பை மட்டும் ஏற்றினார். அடியிலிருந்து எண் எழும்பி வந்தது, பதினோரு இலக்கமும் சுத்தமாக. ஈரத்துணி பட்ட ஓரத்தில் இருந்தது மட்டும் மூன்றா எட்டா என்று சந்தேகம். நூறு மடங்கு பெரிதாக்கினார். எட்டு.

"டீ வாங்கித் தாரேண்ணே" என்றேன்.

"டீ கெடக்கட்டும். பிள்ளை எப்படி இருக்கா?" என்றார்.

நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 15, சனி

திரும்பவும் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். அதே பையன்தான் எடுத்தான். எண் அவர்கள் பட்டியலில் இருக்கிறதாம். பொட்டோடு ஒன்று, எண் மட்டும் ஒன்று என்று இரண்டு படத்தையும் சேர்த்து அனுப்பச் சொன்னான். விண்ணப்பப் படிவம் தபாலில் வரும். "பொட்டு போயிருச்சா மேடம்?" என்று கேட்டான். பொட்டு இருக்கிறது, எண்ணும் இருக்கிறது என்றேன்.

ஜூன் 19, புதன்

ஆடிக்குள் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாக வெளியிட வேண்டும். மூன்று நாளாக முருகனும் லட்சுமியும்தான் கண்ணுக்குள் நிற்கிறார்கள். வேறொன்றும் இல்லை.

ஜூன் 21, வெள்ளி

படிவம் வந்துவிட்டது. பதினோரு பக்கம், நாற்பத்தேழு எழுத்துப்பிழை. இந்த லட்சணத்தில் அடுப்பு வேறு செய்கிறார்கள்.

ஒன்பதாம் பக்கத்தில், பதினான்காவது விதி. மூன்று தடவை படித்தேன். "இச்சமரசத்தின் மூலம் நிறுவனம் தன் பொருளில் எவ்விதக் குறைபாட்டையும் ஒப்புக்கொள்ளவில்லை."

படிவத்தைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். அவர் பொறுக்கி எடுத்து, இடது கையால் நீவி, பக்கங்களை வரிசைப்படுத்தி வைத்தார். "காசு தாரான்ல? அப்புறம் என்ன?" என்றார்.

காசை வைத்து நான் என்ன செய்ய? ஒரு காகிதம் வேண்டும். அடுப்பு தானாக எரிந்தது, தப்பு கம்பெனியுடையது என்று முத்திரை குத்தி ஒரு காகிதம். அதைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிட்டு நான் பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அந்தப் படுபாவிகள் பணத்தை நீட்டுவார்களாம், வாயைத் திறக்க மாட்டார்களாம்.

இதோடு ஐந்தாம் பகுதி வேறு. "பொருளைக் கடைசியாக இயக்கியவர் பெயர், அவர் செய்தது என்ன என்ற வாக்குமூலம், கையொப்பம். பதினெட்டு வயதுக்குட்பட்டவராயின் பெற்றோரும் கையொப்பமிட்டு, தமக்குத் தெரிந்தவற்றை எழுத வேண்டும்."

ஜூன் 23, ஞாயிறு

நிஷாவிடம் கேட்டேன். காலையில் அவள் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது, சாதாரணமாகக் கேட்பதுபோல.

"நீ ஆஃப் பண்ணினதாக் கையெழுத்துப் போடணும்."

"நான் ஆஃப் பண்ணல."

"பேப்பர்ல வந்துச்சே, பாத்தேல்ல? எத்தனையோ வீட்ல தானா எரிஞ்சிருக்கு."

"மத்த வீட்ல எரிஞ்சிருக்கலாம். இங்க நான்தான் மறந்தேன். பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன்மா."

"யாருடி பொய்ங்கறது?"

என்னை நேராகப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 24, திங்கள்

பஸ்ஸை விட்டுவிட்டாள்.

ஜூன் 27, வியாழன்

ஜெராக்ஸ் கடையில் இந்தப் படிவத்தோடு நான்கு பேர் நிற்கிறார்கள். கடைக்காரப் பெண் எல்லோருக்கும் வழி சொல்கிறாள்: "ஆஃப் பண்ணிட்டேன்னு யார் பேர்லயாச்சும் எழுதுங்கக்கா. யாரு வந்து கேக்கப் போறா?"

வீட்டுக்கு வந்தால் இவரும் அதையேதான் சொல்கிறார். "நான்தான் கடைசியாத் தொட்டேன்னு எழுதிக்க. அப்பளத்தை நானே பொரிச்சேன், நானே ஆஃப் பண்ணேன். இடது கையில கையெழுத்துப் போட்டுத் தாரேன். அந்தப் பிள்ளையப் போட்டு ஏன் வதைக்க?"

நல்ல மனுஷன். இந்த இரண்டு வருஷமும் பிள்ளையை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். எழுதியிருந்தால் அஞ்சு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் அவர் பெயரை எழுதினால், மறந்தது நிஷாதான் என்று நானே இன்னொரு தடவை எழுதிக் கொடுத்ததாக ஆகும். மாட்டேன். அந்த ஐந்தாம் பகுதியில் அவள் பெயர்தான் வரும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 31

இன்று ஜூலை 1, திங்கள். ஆனால் இந்தப் பக்கம் காலியாக இருக்கிறது. கிழமைகூடப் போடவில்லை. இப்படி ஒரு நாளே கிடையாது என்பதால் இதில் எழுதலாம். உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டு, ஆளில்லாத வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜூன் 9 பக்கத்தில் "எல்லாரும் சொன்னார்கள்" என்று எழுதியிருக்கிறேன். எல்லாரும் இல்லை. நான்தான் சொன்னேன்.

ஆஸ்பத்திரி வராண்டாவில், அவருடைய தம்பிகள், செல்வின் அண்ணன், தெருக்காரர்கள் எல்லாரும் நிற்கும்போது, "அப்பன் கையத் தின்னுட்டியேடி பாவி" என்று கத்தினேன். அவள் நடுங்கிக்கொண்டே, "ஆஃப் பண்ணேம்மா. பீப்னு சத்தம் வந்துச்சும்மா" என்றாள். அறைந்தேன். திரும்பவும் அதையே சொன்னாள். திரும்பவும் அறைந்தேன். பொய் வேற சொல்றியா என்று கேட்டேன். செல்வின் அண்ணன்தான் என் கையைப் பிடித்தார்.

மூன்றாம் நாள் என் நாத்தனார் வந்து விசாரித்தபோது, "நான் மறந்துட்டேன் அத்தை" என்றாள் நிஷா. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. ஒத்துக்கொண்டாள் என்று தெருவெல்லாம் சொன்னேன். அதற்குப் பிறகு அவளுக்கே அது நிஜமாகிவிட்டது. செய்யாததை நான் அடித்து ஒத்துக்கொள்ள வைத்தேன். என் வேலையே தப்பைக் கண்டுபிடிப்பது. பெற்ற பிள்ளை சரியாகச் சொன்னதைத் தப்பு என்று கோடு போட்டுவிட்டேன்.

அந்தக் கம்பெனிக்காரன் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறான் என்று படிவத்தைச் சுவரில் எறிந்தவள் நான். நான் மட்டும் யாரிடம் ஒப்புக்கொண்டேன்?

ஜூலை 4, வியாழன்

ஐந்தாம் பகுதியில் பெற்றோருக்கென்று விட்ட இடத்தில் எழுத ஆரம்பித்தேன். முதலில் பென்சிலால். "மேற்படி பொருள் மேற்படி நாளில்" என்று நீதிமன்ற நடையில் வந்தது. அழித்தேன். இரண்டாவதில் என்னைக் காணோம், "குடும்பத்தினர்" என்று இருந்தது. அதையும் அழித்தேன். நான்காவது தடவை பேனாவால் எழுதிவிட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

காலை பத்து மணி. அவர் மார்க்கெட் போயிருந்தார். படிவத்தை எடுத்துக்கொண்டு நிஷா முன்னால் உட்கார்ந்தேன்.

"கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டேன்ல?"

"போட வேணாம். நான் எழுதினதைப் படி. தப்பிருந்தாச் சொல்லு."

படித்தாள். நான் எழுதியது இதுதான்: "என் மகள் மது நிஷா அடுப்பை அணைத்துவிட்டதாகவும் அணைந்ததற்கான சத்தம் கேட்டதாகவும் என்னிடம் இரண்டு முறை சொன்னாள். நான் நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு முறையும் பலர் முன்னிலையில் அவளை அடித்தேன். அதனால்தான் பிறகு மறந்துவிட்டதாகச் சொன்னாள். அவள் முதலில் சொன்னதே உண்மை. இதற்கு நானே சாட்சி. சண்முகக்கனி."

கீழே வரைக்கும் படித்துவிட்டு மறுபடி மேலே போனாள். அழுவாள், கட்டிக்கொள்வாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன், பொய் சொல்வானேன்.

"தப்பிருக்கு" என்றாள்.

"எங்க?"

"ரெண்டு தடவ இல்ல. மூணு."

"ஆஸ்பத்திரியில ரெண்டு தடவதானடி..."

"ஆஸ்பத்திரியில ரெண்டு. மறுநாள் மத்தியானம் நீ குளிக்க வீட்டுக்கு வந்து படுத்திருந்த. நான் பக்கத்துல வந்து காதுல சொன்னேன். ஆஃப் பண்ணேம்மா, சத்தியமான்னு. நீ தூங்கல. எனக்குத் தெரியும். மூச்ச நிறுத்திக் கேட்டுக்கிட்டிருந்த. அப்புறம் சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்ட."

இல்லாத நாளின் பக்கத்தில்கூட நான் இதை எழுதவில்லை.

"ஆமா" என்றேன். "தூங்கல. கேட்டுச்சு."

"நீ கேட்டியா இல்லையான்னுதான் இத்தன நாளாத் தெரியாம இருந்தேன்" என்றாள். குரல் உடைந்துவிட்டது, ஆனால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. பேனாவை என் பக்கம் தள்ளினாள். "திருத்து."

முதல் வரியில் "இரண்டு" என்பதை அடித்து மேலே "மூன்று" என்று எழுதினேன். இரண்டு முறையும் அடித்தேன் என்ற வரிக்குப் பிறகு, "மூன்றாம் முறை சொன்னபோது விழித்திருந்தும் தூங்குவதுபோல் கிடந்தேன்" என்று சேர்த்தேன்.

"திருத்தின எடத்துல சின்னக் கையெழுத்துப் போடணும்ல?" என்றாள். போட்டேன்.

படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, கடைசியாக இயக்கியவர் என்ற கட்டத்தில் எழுதினாள். "நான் அணைத்தேன். சத்தம் கேட்டது." கீழே முழுப்பெயரும் போட்டு, தேதியும் போட்டாள்.

"மன்னிச்சிருடி, நிஷா" என்றேன்.

மூடியை மாட்டிப் பேனாவை மேஜை மேல் வைத்தாள். எழுந்தாள்.

"இப்ப என்னால ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. மொதல்ல அதை அனுப்பு."